கூட்டுத்தொகை

கோப்புக்கு அவன் வைத்த பெயர் 'தாரகை டிரிப்'.
சூரமங்கலத்திலிருந்து அவனும்
அம்மாபேட்டையிலிருந்து நானும்
திறக்கலாம், திருத்தலாம்.
பேச வேண்டியதில்லை.
வக்கீல் மேசையில் தீராததெல்லாம்
இந்தக் கட்டங்களுக்குள் எப்படியோ ஒழுங்காக நடக்கிறது.

இரண்டாம் சனிக்கிழமை அவனுடையது.
காலை ஐந்து மணி, ஜங்ஷன் என்று போட்டிருந்தான்.
எழ மாட்டாள், நாலு மணியிலிருந்தே
எழுப்ப ஆரம்பிக்கணும் என்று போட்டேன்.
'சரி' என்றான்.
அந்தச் சரிக்குப் பச்சை பூசியிருந்தான்.
சேர்ந்திருந்த ஒன்பது வருஷத்தில்
எந்தச் சரிக்கும் நிறம் இருந்ததில்லை.

பூங்காவின் ஆப்பை நானும் இறக்கினேன்.
எந்த ராட்டினத்துக்கு எத்தனை நிமிட வரிசை என்று
மூன்று சனிக்கிழமை பார்த்துக் குறித்தேன்,
ஜவ்வரிசி மூட்டைக் கணக்குக்கு நடுவே
முதலாளி டீக்கு எழுந்து போகிற நேரத்தில்.
பதினொன்றரைக்கு அலைக் குளத்தில் கூட்டம் குறைகிறது.
பெரிய ராட்டினம் எப்போதும் ஐம்பது நிமிடம்.
அதில் ஏற நூற்றிருபது சென்டிமீட்டர் வேண்டும்.

கேமராவால் உயரம் அளக்கும் இன்னொரு ஆப்
நூற்றிருபத்தொன்று என்றது.
தையல் டேப்பைக் குளியலறைக் கதவோடு பிடித்தால்
நூற்றுப் பதினெட்டு.
"அப்பாகிட்ட போன் சொன்னதையே சொல்லும்மா"
என்றாள், தூக்கிய குதிகாலை
மெதுவாக இறக்கிக்கொண்டே.
பதினெட்டு என்றுதான் எழுதினேன்.
கொஞ்ச நேரத்தில் பக்கத்துக் கட்டத்தில்,
'அடி தடிச்ச ஷூ வாங்கலாமா?'
'கூடாது' என்று அடித்துவிட்டுச் சிரித்தேன்.
சிரித்தது எந்தக் கட்டத்திலும் ஏறவில்லை.

அங்கே மழைக்கு நாற்பது சதவீதம் என்றது வானிலை.
மொட்டை மாடிக்குப் போய்
ஏற்காட்டு மலை மேல் மேகம் இருக்கிறதா என்று பார்த்தேன்.
இந்த மலைக்கும் அந்த மழைக்கும் சம்பந்தமில்லை.
இருந்தாலும் பார்த்தேன்.

நேற்று ராத்திரி, துண்டு எத்தனை என்று சேர்க்கப் போனவள்
கடைசி வரியில் நின்றுவிட்டேன்.
மொத்தம் உதைத்தது.
அவனுக்கு ஃபார்முலா வராது,
கால்குலேட்டரில் கூட்டிக் கையால் அடிப்பான்.
ரயில், ஆட்டோ, சாப்பாடு, லாக்கர் வாடகை
எல்லாம் கழித்தும்
மீதி நின்றது சரியாக
ஒரு பெரியவர் டிக்கெட்.

பழைய திருத்தங்களைத் திறந்தேன்.
டிக்கெட், பெரியவர்: 1.
இரவு 2.10க்கு, 2.
2.13க்கு மறுபடியும் 1.

உருக்காலை நைட் ஷிப்டில்
டீ இடைவேளை இரண்டு மணிக்கு.
அது எனக்குத் தெரியும்.
கேன்டீன் பெஞ்சின் மூலையில் உட்கார்ந்து
கிரீஸ் போகாத கட்டைவிரலால் அடித்திருப்பான்.
மூன்று நிமிடம்.
ஒரு தட்டுவடை செட் தீர்கிற நேரம்.
அந்த மூன்று நிமிடமும் நான்
அந்தப் பூங்காவுக்குள் இருந்திருக்கிறேன்.
பையை மடியில் வைத்துக்கொண்டு,
ஈர நடைபாதையில்,
இரண்டு பேர் செருப்புக்கும் காவலாக.

பார்த்துக்கொண்டிருக்கும்போதே
அவன் பெயர் ஒட்டிய நீலக் கோடு
தாளுக்குள் வந்தது.
மேலே போனது. கீழே வந்தது.
டிக்கெட் கட்டத்தில் நின்று மினுக்கியது.
என் கோடு எங்கே இருக்கிறதென்று
அவனுக்கும் தெரிந்திருக்கும்.
உள்ளே தாரகை தூக்கத்தில் புரண்டாள்,
கட்டில் ஒருமுறை கிறீச்சிட்டது.

பதினேழாம் வரிக்குப் போய்
'துண்டு 2, சிவப்பு அவளுக்கு' என்று எழுதினேன்.
'சரி' வந்தது.
கொஞ்சம் பொறுத்துப் பச்சையும் வந்தது.

மொத்தம் அப்படியே கிடந்தது.
அவனும் தொடவில்லை.